வீட்டு ஆய்வுகூடத்துக்கு எந்த ரவுட்டர்? மட்டக்களப்பு, அம்பாறை சிசிஎன்ஏ மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று வரையிலான ஊர்களில் சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழான சிசிஎன்ஏ பரீட்சைக்குத் தயாராகும் சிலருக்கு மாலை நேரங்களில் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒவ்வொரு புதிய குழுவிலும் முதல் மாதம் முடிவதற்குள் யாராவது ஒருவர், “சேர், எந்த ரவுட்டர் வாங்கலாம்?” என்று கேட்டுவிடுகிறார். வகுப்பில் துண்டு துண்டாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன். விலைகள் வாரத்துக்கு வாரம் மாறுவதால் அவற்றை எழுதவில்லை.

பரீட்சையில் சித்தியடைய உண்மையான ரவுட்டர் கட்டாயம் வேண்டுமா?

வேண்டியதில்லை. தற்போதைய பரீட்சையின் இலக்கம் 200-301. அது 2020 பெப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்தது, அதன் 1.1 பதிப்பு 2024 ஓகஸ்ட் 20 முதல் நடக்கிறது. வலையமைப்பு அடிப்படைகளுக்கு 20 வீதம், வலையமைப்பு அணுகலுக்கு 20, ஐபி இணைப்புக்கு 25, ஐபி சேவைகளுக்கு 10, பாதுகாப்பு அடிப்படைகளுக்கு 15, தன்னியக்கமாக்கலுக்கு 10 என்று புள்ளிகள் பிரிக்கப்பட்டுள்ளன. இவற்றில் கட்டளை தட்டிப் பழக வேண்டிய பகுதிகள் ஏறத்தாழ எல்லாவற்றையும் கணினித் திரையிலேயே வலையமைப்பைக் கட்டிப் பார்க்கச் சிஸ்கோ இலவசமாகத் தரும் பெக்கட் ட்ரேசர் மென்பொருளிலேயே செய்து பார்க்கலாம். வீலான் (ஒரு சுவிட்சைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிப்பது), ட்ரங்க் (பல வீலான்களை ஒரே கேபிளில் கொண்டுபோவது), ஒற்றைப் பரப்பு ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தமக்குள் பேசி வழியைக் கண்டறியும் முறை), நாட் (ஐபி முகவரி மாற்றம்), அணுகல் பட்டியல் ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும்.

பரீட்சைக் கட்டணமே 300 அமெரிக்க டொலர். கையில் இருக்கும் பணம் பரீட்சைக்கு மட்டுமே காணும் என்றால் அதைப் பரீட்சைக்கே வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்வதற்கு எனக்குத் தயக்கம் இல்லை, ஏனென்றால் ரவுட்டர் வாங்கிவிட்டுப் பரீட்சைக் கட்டணத்துக்காக ஒரு வருடம் காத்திருந்து, படித்ததையும் மறந்துவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

பிறகு எதற்காக வாங்குவது?

வேலைக்காக. பெக்கட் ட்ரேசரில் ஒரு கேபிளைத் தெரிவுசெய்து இரண்டு இடத்தில் சொடுக்கினால் பச்சை விளக்கு எரியும். மேசையில் இருக்கும் ரவுட்டரோடு பேசுவதற்கோ முதலில் அதைக் கணினியோடு நேரடியாக இணைக்கும் கொன்சோல் கேபிள் சரியாக இருக்க வேண்டும், யூஎஸ்பி மாற்றியின் ட்ரைவர் கணினியில் ஏற வேண்டும், எந்த கொம் போர்ட் என்று கண்டுபிடிக்க வேண்டும், வேகம் 9600 என்று இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிழைத்தாலும் திரை கறுப்பாகவே கிடக்கும். அந்தக் கறுப்புத் திரைக்கு முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுப் பார்ப்பதைத்தான் நேர்முகத் தேர்வில் “பழுது கண்டறிதல்” என்று கேட்கிறார்கள்.

கடவுச்சொல் மீட்பு இன்னொன்று. பாவித்த ரவுட்டர்களில் பெரும்பாலானவை பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லோடுதான் வரும். இயங்கத் தொடங்கிய முதல் 60 விநாடிகளுக்குள் பிரேக் சமிக்ஞை அனுப்பி இயக்க மென்பொருள் ஏறுவதற்கு முந்தைய ரொம்மன் நிலைக்குப் போய், எப்படித் தொடங்குவது என்று ரவுட்டருக்குச் சொல்லும் கொன்ஃபிக் ரெஜிஸ்டரைப் பதினறும எண் 2142 ஆக மாற்றி, மீண்டும் தொடங்கச் செய்து, பழைய உள்ளமைவை ரவுட்டர் வாசிக்காமல் எழும்படி செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் அதை 2102 ஆக மாற்ற மறந்தால் அடுத்த முறை மின்சாரம் போய் வந்தவுடன் நீங்கள் சேமித்த உள்ளமைவு எதையும் ரவுட்டர் வாசிக்காது. நான் அப்படி மறந்து, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கட்டிய வலையமைப்பை இரவு மின்வெட்டுக்குப் பின் வெறுமையாகக் கண்டேன். சேமித்த கோப்பு உள்ளேயே பத்திரமாக இருந்தது என்பதை அறியாமல் எல்லாவற்றையும் திரும்பவும் தட்டினேன்.

அண்ணா தன்னுடைய பழைய 2500, 2600 வரிசை ரவுட்டர்களைத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

இலவசமாகத் தந்தால் கொன்சோல் பழகுவதற்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுக்க வேண்டாம். 2501 போன்றவை தொண்ணூறுகளின் பெட்டிகள். அவற்றின் ஈதர்நெட் முகமே (கேபிள் செருகும் இடம்) இன்றைய கேபிள் நேரடியாகப் பொருந்தாத வேறு வடிவத்தில் இருக்கும், அதற்கென ஒரு மாற்றி தேட வேண்டும். அண்ணா படித்த காலத்தில் ஃபிரேம் ரிலே, சீரியல் இணைப்பு, டிசிஇ பக்கத்தில் கடிகார வேகம் கொடுப்பது எல்லாம் பாடத்தில் இருந்தன. இன்றைய பரீட்சையில் அவை இல்லை. ஆர்ஐபி, ஈஐஜிஆர்பி என்ற ரவுட்டிங் முறைகளும் கூட உள்ளமைக்கும் பாடங்களாக இல்லை. ஆகவே சீரியல் அட்டையும் கேபிளும் சேர்த்துத் தருகிறேன் என்று விற்பவர் விலையைக் கூட்டினால், அட்டையைக் கழற்றி வைத்துக்கொள்ளச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

சரி, எந்த மாதிரியை வாங்குவது?

நம் பாவனைக்கு மூன்று தலைமுறைகளைப் பற்றிப் பேசினால் போதும்.

முதலாவது 1841, 2801, 2811 போன்றவை. இவை 2004இல் வந்தன. 1841இல் இரண்டு 100 மெகாபிட் ஈதர்நெட் முகங்களும், கூடுதல் அட்டை பொருத்த இரண்டு துளைகளும் உண்டு. 2811இல் துளைகள் அதிகம், சத்தமும் அதிகம். இவற்றின் உற்பத்தியாளர் ஆதரவு 2016 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது, இவற்றை இயக்கும் சிஸ்கோ மென்பொருளான ஐஓஎஸ் 15.1 வரிசையைத் தாண்டிப் போகாது. ஆனாலும் சிசிஎன்ஏ பாடத்தில் வரும் ரவுட்டிங் கட்டளைகளுக்கு 15.1 போதுமானது.

இரண்டாவது 1941, 2901, 2911 ஆகியவை. இவை 2009இல் அறிமுகமாயின. முகங்கள் கிகாபிட், ஐஓஎஸ் 15.7 வரை போகும். சாதாரண மினி யூஎஸ்பி கேபிளாலேயே கொன்சோலை அடையலாம் என்பது இவற்றின் பெரிய வசதி. இவற்றுக்கான ஆதரவும் 2022 இறுதியோடு முடிந்தது. நிறுவனங்கள் இவற்றைக் கழித்துவிடுவதால் சந்தையில் கிடைக்கின்றன.

மூன்றாவது 4221, 4321, 4331 போன்ற, ஐஓஎஸ் எக்ஸ்ஈ என்ற புதிய வகை மென்பொருளில் ஓடும் ரவுட்டர்கள். ரெஸ்ட்கொன்ஃப் போன்ற தன்னியக்க இடைமுகங்களை நிஜப் பெட்டியில் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் இவைதான் வழி. முதல் இரண்டு தலைமுறைகளிலும் அவை இல்லை. அடுத்த நிலைச் சான்றிதழான சிசிஎன்பி எழுதுவதாக உறுதியாக இருப்பவருக்கு மட்டும் இவற்றைச் சொல்வேன். 4321, 4331, 4351 ஆகியவற்றை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றிலுள்ள கடிகாரச் சமிக்ஞைப் பாகம் ஒன்று ஏறத்தாழ 18 மாதப் பாவனைக்குப் பின் பழுதாகலாம் என்றும், அப்படிப் பழுதானால் பெட்டி மீண்டும் எழாது என்றும் 2017 பெப்ரவரியில் சிஸ்கோ அறிவித்தது. 2016 நவம்பர் நடுப்பகுதிக்கு முன் அனுப்பப்பட்ட பெட்டிகளே இதில் அடங்குவன, ஆகவே உற்பத்திக் காலத்தைப் பார்த்து வாங்குங்கள். பார்க்கும் விதத்தைக் கீழே சொல்கிறேன்.

என் தெரிவு 1941. இரண்டு 1941களின் விலைக்கு நான்கு 1841கள் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னாலும் நான் இரண்டு 1941களையே எடுப்பேன். ஏன் என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

ஐஓஎஸ் பதிப்பு அவ்வளவு முக்கியமா?

பெட்டியின் மாதிரி இலக்கத்தை விட அதுதான் முக்கியம். ஒரே 1841இல் வெறும் “ஐபி பேஸ்” ஐஓஎஸ்ஸும் இருக்கலாம், “அட்வான்ஸ்ட் ஐபி சேர்விசஸ்” ஐஓஎஸ்ஸும் இருக்கலாம். 12.4 வரிசை ஐபி பேஸில் ஐபிவி6 இராது. கோப்பின் பெயரில் “கே9” என்ற குறி இல்லாவிட்டால், ரவுட்டருக்குள் தூரத்திலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சும் இராது. இரண்டுமே பரீட்சைக்கு வேண்டியவை. அவற்றைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் பொறி. ஐஓஎஸ் கோப்பைச் சிஸ்கோவிடமிருந்து இறக்குவதற்கு ஆதரவு ஒப்பந்தம் தேவை, பாவித்த பெட்டியை வாங்கியவருக்கு அது இராது. கோப்பு கிடைத்தாலும் அதைத் தாங்கும் ரேமும் ஃபிளாஷும் பெட்டியில் இருக்க வேண்டும்; 1841 பலவும் 128 எம்பி ரேமோடும் 32 எம்பி ஃபிளாஷோடும் வெளிவந்தவை.

1941 வகையில் நிலைமை வேறு. எல்லா அம்சங்களும் ஒரே “யுனிவேர்சல்” கோப்பில் இருக்கும், உரிமம்தான் கதவைத் திறக்கும். அடிப்படை ஐபி பேஸ் உரிமத்திலேயே ஓஎஸ்பிஎஃப், ஐபிவி6, நாட் எல்லாம் கிடைக்கும். கோப்பு “யுனிவேர்சல் கே9” என்றிருந்தால் எஸ்எஸ்எச்சும் கிடைக்கும். விபிஎன் பழகப் பாதுகாப்பு உரிமம் வேண்டும், அதற்கு 60 நாள் சோதனை உரிமத்தைப் பெட்டியிலேயே இயக்கலாம். வாங்கிய அன்றே பாடத்தைத் தொடங்கலாம் என்பதுதான் 1941க்காக நான் வாதாடுவதன் காரணம்.

பழைய ஐஓஎஸ்ஸுக்கு இன்றைய மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் செய்யும்போது, இரு பக்கத்துக்கும் பொதுவான குறியாக்க முறை இல்லை என்ற பிழைச் செய்தி வரலாம். ரவுட்டர் பழுதல்ல. புதிய மென்பொருள்கள் பழைய முறைகளைப் பாதுகாப்புக் கருதி மூடிவைத்திருக்கின்றன. உங்கள் ஆய்வுகூடத்துக்கு மட்டும் அவற்றைத் திறந்துவிடலாம்.

சுவிட்ச் எது?

ரவுட்டரைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பவர்கள் சுவிட்சை மறந்துவிடுகிறார்கள். பரீட்சையில் வீலான், ட்ரங்க், ரெப்பிட் ஸ்பானிங் ட்ரீ, ஈதர்சனல், போர்ட் பாதுகாப்பு, டிஎச்சிபி ஸ்னூப்பிங், ஏஆர்பி பரிசோதனை என்று சுவிட்சோடு செய்ய வேண்டிய வேலை ரவுட்டர் வேலைக்குக் குறைந்ததல்ல. ஒரு 2960உம் ஒரு 3560உம் நல்ல சோடி. 2960இல் மாதிரிப் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: “எல்” என்று முடிந்தால் லான் பேஸ், “எஸ்” என்று முடிந்தால் லான் லைட். லைட்டில் சில பாதுகாப்பு அம்சங்கள் வெட்டப்பட்டிருக்கும், ஆகவே “எல்” வேண்டும்.

3560 மூன்றாம் அடுக்குச் சுவிட்ச் என்பதால் வீலான்களுக்கு இடையே ரவுட்டர் இல்லாமலே போக்குவரத்து நடத்திப் பழகலாம். அதில் ட்ரங்க் அமைக்கும்போது உறையிடும் (என்கப்சுலேஷன்) வகையை முதலில் சொல்ல வேண்டும், 2960இல் அந்தக் கட்டளையே இல்லை. ஒரே பாடத்துக்கு இரண்டு பெட்டிகள் இரண்டு விதமாக நடந்துகொள்வதைக் கண்ட மாணவர் பிறகு அதை மறப்பதில்லை.

2950ஐ வாங்க வேண்டாம். அது 12.1 வரிசை ஐஓஎஸ்ஸோடு நின்றுவிட்டது, ஐபிவி6 முகவரி கொடுத்து அதை நிர்வகிக்க முடியாது. மலிவு என்று நான் வாங்கிய முதல் சுவிட்ச் அதுதான், இப்போது மேசையில் மற்றச் சுவிட்சுக்கு முட்டுக்கொடுக்கிறது.

மொத்தம் எத்தனை பெட்டி?

இரண்டு ரவுட்டர், இரண்டு சுவிட்ச். ஓஎஸ்பிஎஃப்பில் தலைமை ரவுட்டர் தேர்தலைப் பார்க்க மூன்று ரவுட்டர்கள் இருந்தால் நல்லது, ஆனால் 3560இன் ஐஓஎஸ் “ஐபி சேர்விசஸ்” ஆக இருந்தால் அதையே மூன்றாவது ரவுட்டராக நிறுத்திவிடலாம். ஸ்பானிங் ட்ரீயை முழுமையாகப் பார்க்க மூன்று சுவிட்ச் வேண்டும் என்பது உண்மைதான். அந்த ஒரு பாடத்தைப் பெக்கட் ட்ரேசரில் முடித்துக்கொள்ளுங்கள். படத்தில் காட்டும் இரும்புச் சட்டகமும் வேண்டாம், தளபாடக் கடையில் வாங்கிய சாதாரணப் பலகைத் தட்டு போதும்.

பாவித்த பெட்டியை வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

கொழும்பில் பம்பலப்பிட்டி, புறக்கோட்டைக் கடைகளிலும் இலங்கை விளம்பரத் தளங்களிலும் பாவித்த பெட்டிகள் வரும். வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால் எடையைக் கணக்கில் வையுங்கள்: 1841 ஏறத்தாழ 2.8 கிலோ, 2811 ஏறத்தாழ 6.4 கிலோ. பெட்டியை விடக் கூலியும் சுங்க வரியும் கூடிவிடும். கொழும்புக்குப் போகும் உறவினரிடம் சொல்லி ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவரச் செய்வதுதான் எங்கள் பக்கத்தில் பலரும் செய்வது. கூரியரில் அனுப்புவதென்றால் முன்முகப்புப் பிளாஸ்டிக் உடையாமல் சுற்றித் தரச் சொல்லுங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் “ஷோ வெர்ஷன்” கட்டளையின் வெளியீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு திரையிலேயே ஐஓஎஸ் கோப்பின் பெயர், ரேம், ஃபிளாஷ், முகங்களின் எண்ணிக்கை, கொன்ஃபிக் ரெஜிஸ்டர் எல்லாம் இருக்கும். “ஷோ இன்வென்ட்டரி” தொடரிலக்கத்தைக் காட்டும். தொடரிலக்கத்தில் முதல் மூன்று எழுத்துகளுக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்களோடு 1996ஐக் கூட்டினால் உற்பத்தி ஆண்டும், அடுத்த இரண்டு இலக்கங்களில் அந்த ஆண்டின் வாரமும் கிடைக்கும். எழுத்துகளுக்குப் பின் 1840 என்றிருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 40ஆவது வாரம். மேலே சொன்ன 4321 சிக்கலுக்கு இந்தக் கணக்கு உதவும். பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ள இலக்கமும் திரையில் வரும் இலக்கமும் ஒத்துப்போகாவிட்டால் வாங்காதீர்கள்.

விற்பவர் “மின்விளக்கு எரிகிறது, நல்ல நிலையில் இருக்கிறது” என்று மட்டும் சொன்னால் அது பதிலாகாது. 1841இன் ஃபிளாஷ் அட்டை பின்பக்கத்தில் கையால் கழற்றக்கூடியது. அப்படிக் கழற்றி எடுக்கப்பட்ட ஒன்றை நானும் வாங்கியிருக்கிறேன். விளக்கு அழகாக எரிந்தது, ரொம்மனைத் தாண்டிப் போகவில்லை.

கொன்சோல் கேபிள், மாற்றி பற்றி?

நீல நிறத் தட்டைக் கேபிளும், மடிக்கணினிக்கு ஒரு யூஎஸ்பி மாற்றியும் வேண்டும். எஃப்டிடிஐ அல்லது சிஎச்340 சில்லுள்ள மாற்றியைக் கேட்டு வாங்குங்கள். பழைய பிஎல்2303 சில்லுகளைப் புதிய விண்டோஸ் ட்ரைவர் ஏற்க மறுக்கிறது. சில மலிவான மாற்றிகள் பிரேக் சமிக்ஞையை ஒழுங்காக அனுப்புவதில்லை. அதற்குச் சிஸ்கோவே சொல்லும் ஒரு மாற்றுவழி உண்டு: முனைய வேகத்தை 1200க்கு மாற்றி, ரவுட்டரைப் போட்டவுடன் இடைவெளி விசையைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திக்கொண்டிருந்தால் ரவுட்டர் அதைப் பிரேக் என்றே எடுத்துக்கொள்ளும். பிறகு 9600க்குத் திரும்ப வேண்டும்.

மின்சாரச் செலவு, சத்தம், கடற்காற்று எல்லாவற்றையும் வீடு தாங்குமா?

ஒரு பெட்டிக்குச் சராசரி 40 வாட் என்று வைத்தால், மூன்றாவது ரவுட்டர் ஒன்றையும் சேர்த்து ஐந்து பெட்டிக்கு 200 வாட். நாளுக்கு மூன்று மணித்தியாலம் ஓடினால் மாதம் 18 அலகு. மறந்துபோய் இரவு பகலாக விட்டால் 144 அலகு. வீட்டுப் பாவனை 60 அலகைத் தாண்டினால் கட்டணம் கணக்கிடும் முறையே மாறிவிடும் என்பதால், 50 அலகில் நிற்கும் வீட்டுக்கு அந்த 18 கூட வலிக்கும். எல்லாப் பெட்டிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் இணைத்து, படித்து முடிந்ததும் சுவரில் உள்ள ஆளியை அணைப்பதே எளிது. மின்வழங்கி பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியோடு தட்டை முனைப் பிளக்தான் வரும். கணினிக்குப் பாவிக்கும் மின்கம்பியே இதற்கும் பொருந்தும். நம் நாட்டுப் பிளக் உள்ள ஒன்றைப் புதிதாக வாங்குங்கள், மாற்றிமேல் மாற்றி போட வேண்டாம்.

சத்தம் சின்ன விடயமல்ல. 2811உம் 24 போர்ட் 3560உம் ஒரே அறையில் ஓடினால் பக்கத்து அறையில் பிள்ளை தூங்காது. மின்விசிறியே இல்லாத எட்டுப் போர்ட் 2960 ஒன்று உண்டு, கிடைத்தால் விடாதீர்கள்.

எங்கள் கரையோரத்துக்கென்று உள்ள பிரச்சினை உப்பு. கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில் யன்னலோரம் வைத்த பெட்டியின் திருகாணிகள் ஓரிரு வருடத்தில் துருவேறும், ஈதர்நெட் துளைக்குள் இருக்கும் செப்பு ஊசிகள் பச்சை பூக்கும். அம்பாறை நகர்ப் பக்கத்தில் இந்தத் தொல்லை குறைவு, வெயில் கூட. 1841இன் இயங்கு வெப்பநிலைக்கு 40 பாகை செல்சியஸ் மேல் எல்லை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் அது தொலைவில் இல்லை. பாவிக்காத துளைகளுக்கு இறப்பர் மூடி போடுங்கள், பெட்டியைத் துணியால் மூடிவைப்பதானால் அணைத்துச் சூடு ஆறிய பிறகு மூடுங்கள். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றுவதோடு வீட்டு இணைய ரவுட்டரிலிருந்து வரும் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் எந்தக் கம்பியால் வரும் என்று சொல்ல முடியாது.

யூபிஎஸ் வேண்டுமா?

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது எந்தச் சிறிய யூபிஎஸ்ஸும் உதவவில்லை. ஆய்வுகூடத்துக்கு அது தேவையில்லை. அடிக்கடி உள்ளமைவைச் சேமித்துப் பழகுங்கள்.

வீட்டில் உள்ள இணைய ரவுட்டரைப் பாவித்துப் பழக முடியாதா?

ஃபைபர் இணைப்போடு தரும் பெட்டியில் டிஎச்சிபி, நாட், வைஃபை ஆகியவற்றை இணையப் பக்கமொன்றில் பார்க்கலாம், அவ்வளவுதான். கட்டளை வரியோ ஓஎஸ்பிஎஃப்போ அதில் இல்லை. வீட்டு இணையத்தைக் கெடுத்துவிட்டு ஏச்சு வாங்கவும் வேண்டாம்.

வைஃபை பாடத்துக்கு, வைஃபை கருவிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கட்டுப்படுத்தி வாங்க வேண்டுமா?

வேண்டாம். பரீட்சை கேட்பது கட்டுப்படுத்தியின் வரைகலைப் பக்கத்தை விளங்கிக்கொள்வதை. பெக்கட் ட்ரேசரில் உள்ள கட்டுப்படுத்தி அதற்குப் போதும்.

மைக்ரோடிக் மலிவாக இருக்கிறதே, அதை வாங்கினால் என்ன?

நல்ல கேள்வி, ஏனெனில் எங்கள் பக்கத்துச் சிறிய விடுதிகளிலும் கடைகளிலும் வேலைக்குப் போனால் நீங்கள் தொடப்போவது சிஸ்கோவை விட மைக்ரோடிக்காக இருக்கலாம். லத்வியா நாட்டு நிறுவனமான மைக்ரோடிக்கின் சிறிய பெட்டி ஒன்று சில வாட் மின்சாரத்தில், சத்தமே இல்லாமல் ஓஎஸ்பிஎஃப், வீலான், விபிஎன், தீச்சுவர் எல்லாம் செய்யும். கருத்துகளைப் பழக அது அருமையான பொருள். ஆனால் அதை இயக்கும் ரவுட்டர்ஓஎஸ் மென்பொருளின் கட்டளைகள் வேறு. சிசிஎன்ஏவின் செய்முறைக் கேள்வியில் விரல் சிஸ்கோ கட்டளையைத்தான் தட்ட வேண்டும். மைக்ரோடிக்கின் முதற்படிச் சான்றிதழான எம்டிசிஎன்ஏவுக்கு அவர்களின் பயிற்றுநர் நடத்தும் வகுப்பிலேயே பரீட்சை எழுத வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள். சிசிஎன்ஏ முடிந்தபின் ஒன்றை வாங்கி வீட்டு இணையத்துக்கே பாவிப்பது என் ஆலோசனை.

ரவுட்டர் வாங்கும் காசில் மடிக்கணினிக்கு ரேம் கூட்டினால்?

சிசிஎன்பி வரை போகும் எண்ணம் இருந்தால் அதுதான் புத்தியான செலவு. கணினிக்குள்ளேயே மெய்நிகர் ரவுட்டர்களை ஓட்டும் சிஸ்கோ மொடலிங் லாப்ஸ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஐந்து கணுக்கள் (மெய்நிகர்ப் பெட்டிகள்) வரை உண்மையான சிஸ்கோ மென்பொருளோடு இயக்கலாம். இதே வகை மென்பொருள்களான ஜிஎன்எஸ்3உம் ஈவ்-என்ஜியும் இலவசம்தான், ஆனால் அவற்றுக்கான ஐஓஎஸ் கோப்பை நீங்கள்தான் முறைப்படி பெற்றுக்கொள்ள வேண்டும். ஜிஎன்எஸ்3 உள்ளே பாவிக்கும் டைனமிப்ஸ் 7200, 3725, 3745 போன்றவற்றைப் போலச்செய்யும். 1841ஐயோ 1941ஐயோ அது செய்யாது. மாணவர்கள் கையிலுள்ள 1941 கோப்பை அதில் ஏற்றப் பார்த்து ஒரு மாலையை வீணாக்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஐஓஎஸ் எக்ஸ்ஈ மெய்நிகர் ரவுட்டர் ஒன்றுக்கே 3 முதல் 4 ஜிபி ரேம் போய்விடும் என்பதால் 8 ஜிபி கணினி மூச்சுத் திணறும், 16 ஜிபி இருந்தால் நிம்மதி.

நான்கு பேர் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கலாமா?

தாராளமாக. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் சில பிள்ளைகள் இப்படித்தான் செய்கிறார்கள். பெட்டிகள் யார் வீட்டில் இருக்கும், மின்கட்டணத்தை யார் கொடுப்பது, ஒருவர் விலகினால் அவருடைய பங்குக்கு என்ன என்பவற்றை வாங்குவதற்கு முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள். பெட்டி பழுதாகிக் குழு பிரிந்ததை விடக் கணக்குப் பிழைத்துப் பிரிந்ததே அதிகம். தூரத்திலிருந்து நுழையும்படி அமைக்கவும் ஆசை வரும். அதற்கு விபிஎன் ஒன்றைப் பாவியுங்கள், ரவுட்டரின் டெல்நெட் போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். ஆதரவு முடிந்த ஐஓஎஸ்ஸில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க இனி யாரும் வரமாட்டார்கள்.

படித்து முடிந்ததும் விற்க முடியுமா?

முடியும். அடுத்த குழு எப்போதும் தேடிக்கொண்டிருக்கும். விற்பதற்கு முன் “ரைட் இரேஸ்” கொடுத்து உள்ளமைவை அழியுங்கள். சுவிட்சில் அது போதாது. வீலான் விபரங்கள் ஃபிளாஷில் தனிக் கோப்பாக இருப்பதால் அந்தக் கோப்பையும் தனியாக அழிக்க வேண்டும். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் வாங்கிய ஒரு 2811 ஏதோ ஒரு நிறுவனத்தின் கிளைப் பெயர்கள், ஐபி முகவரிகள், கடவுச்சொற்கள் எல்லாவற்றோடும் வந்து சேர்ந்தது. அந்தக் கடவுச்சொற்கள் சிஸ்கோவின் 7ஆம் வகைக் குறியாக்கத்தில் இருந்தன. அவ்வகையை யாரும் சில விநாடிகளில் திருப்பி வாசித்துவிடலாம். நான் வாசிக்காமலே அழித்தேன், உங்களிடம் வாங்குபவரும் அப்படியே செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது.